டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் இன்ஜினையும் பிரேக்கையும் வீட்டிலேயே புதுப்பித்து டியூன் செய்யும் முறை

டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் இன்ஜினில் வால்வு இல்லை, கேம் இல்லை, டைமிங் செயின் இல்லை. அசையும் முக்கிய உறுப்புகள் பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் ஆகிய மூன்றுதான். பொறுமையும் சில நல்ல கருவிகளும் இருந்தால் வீட்டிலேயே பிரித்துக் கோர்த்துவிட முடிவது இதனால்தான். ஆனால் இதில் கிராங்க் கேஸ் என்பது வெறும் கூடு அல்ல, பம்பும் அதுவே. பிஸ்டன் மேலேறும்போது கீழே அழுத்தம் குறைந்து பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை உள்ளே இழுக்கப்படுகிறது. பிஸ்டன் இறங்கும்போது அதே கலவை அமுக்கப்பட்டு, பக்கவாட்டு வழிகள் மூலம் சிலிண்டருக்குள் தள்ளப்படுகிறது. பேரிங்குகளுக்கும் சிலிண்டர் சுவருக்கும் வேண்டிய எண்ணெயும் அந்தக் கலவையோடுதான் வந்து சேர்கிறது. எங்கேனும் ஒரு மயிரிழை இடைவெளி வழியாக வெளிக்காற்று புகுந்தால், பெட்ரோல் குறைந்து வெப்பம் ஏறி, பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே புதிய பிஸ்டனைப் போடுவது வேலையில் பாதிகூட இல்லை. பழைய பிஸ்டன் ஏன் கெட்டது என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலை.

நான் முதன்முதலில் பிரித்த இன்ஜினில் இதைச் செய்யத் தவறினேன். ரீபோர் (சிலிண்டரின் உள்துளையைச் சற்றே அகலமாகக் கடைவது) செய்து புது பிஸ்டன் கோர்த்தபின் வண்டி சில நாட்கள் நன்றாகவே ஓடியது. பிறகு ஒரு நாள், ஆக்சிலரேட்டரை முழுவதும் மூடிய பின்னும் இன்ஜின் வேகம் இறங்காமல் சில நொடிகள் சீறிக்கொண்டே நின்றது. கேபிள் சிக்குகிறது என்று எண்ணி அதற்கு எண்ணெய் விட்டேன். மறுநாள் பிஸ்டன் பிடித்தது. கிராங்க் முனையில் சுழலும் காந்தச் சக்கரமான மேக்னெட்டைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் பின்னால் ஷாஃப்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலின் உதடு காய்ந்த தோல்போல இறுகி, நகத்தால் கீறினால் பொடிந்து உதிரும் நிலையில் இருந்தது. பழைய பிஸ்டனைக் கெடுத்த அதே சீல்தான் புதியதையும் கெடுத்திருந்தது.

பிரிப்பதற்கு முன்

ஓடும் நிலையில் உள்ள வண்டியானால், அது சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்ட பிறகே ஸ்பேனரை எடுங்கள். ஐடிலிங் (ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) தானாக ஏறுவதும், மூடிய பின்னும் வேகம் இறங்க மறுப்பதும் வெளிக்காற்று புகுவதன் அறிகுறிகள்; மேக்னெட் பக்கத்துச் சீலின்மீது முதலில் சந்தேகப்பட வேண்டும். இன்ஜின் சூடான பின்னும் அடர்த்தியான வெண்புகை வந்து, கியர் ஆயில் அளவும் குறைந்துகொண்டே போனால், கிளட்ச் பக்கத்துச் சீல் வழியாக கியர் ஆயில் கிராங்க் கேஸுக்குள் உறிஞ்சப்படுகிறது என்று கொள்ளலாம். மேடேற வலுவின்றி இழுக்கும் வண்டியில் குற்றவாளி பெரும்பாலும் கரி அடைத்த சைலன்சர்தான். அதற்காக இன்ஜினையே பிரிப்பது வீண் வேலை. பார்த்தவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிப்புற அழுக்கை முழுவதும் கழுவித் துடைத்த பிறகே பிரிக்கத் தொடங்க வேண்டும். பெட்ரோலை வடித்துத் தனியே மூடி வையுங்கள். வேலை செய்யும் இடத்தில் காற்றோட்டம் இருக்கட்டும், அருகில் தீயோ ஹீட்டரோ வேண்டாம். ஒவ்வொரு படியையும் படம் எடுத்துக்கொண்டு, கழற்றிய நட்டுகளையும் வாஷர்களையும் அந்தந்தப் பகுதியின் பெயர் எழுதிய சிறு டப்பாக்களில் போட்டு வையுங்கள். மேக்னெட்டைக் கழற்ற அதற்கென்றே உள்ள புல்லரைப் பயன்படுத்துங்கள். சுத்தியலால் தட்டினால் கிராங்க் வளைந்து போகும், காந்தமும் விரிசல் விடும். கிராங்க் கேஸின் இரு பாதிகளைப் பிரிக்க ஸ்க்ரூடிரைவரை நடுவில் விட்டு நெம்பக் கூடாது. அங்கே விழும் ஒரு கீறலே பின்னால் காற்றுக் கசியும் வழியாகும். ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் மெல்லத் தட்டினால் போதும்.

பிஸ்டனைப் படிப்பது

வெளியே வந்த பிஸ்டனை உடனே கழுவிவிடாதீர்கள். அதன் மேலுள்ள ஒவ்வொரு தழும்புக்கும் ஒரு காரணம் உண்டு. புகைபோக்கித் துளை இருக்கும் பக்கத்தில் மட்டும் செங்குத்தான உரசல்கள் இருந்தால், பெட்ரோல் குறைந்த கலவையோ எண்ணெய்ப் பற்றாக்குறையோ அந்தப் பக்கத்தை அளவுக்கு மீறிச் சூடாக்கியிருக்கிறது. நான்கு மூலைகளிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி உரசல் இருந்தால், இன்ஜின் சூடேறும் முன்பே வேகமாக ஓட்டியதால் அலுமினியப் பிஸ்டன் வார்ப்பிரும்புச் சிலிண்டரைவிட விரைவாக விரிந்து பிடித்திருக்கிறது, அல்லது போர் எனப்படும் சிலிண்டரின் உள்துளையில் பிஸ்டனுக்கு விட்ட இடைவெளி போதவில்லை. கலவை நுழையும் பக்கத்தில் மங்கலான தேய்மானம் இருந்தால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி வந்திருக்கிறது. பிஸ்டன் தலையின் ஓரம் எறும்பு அரித்ததுபோலப் பொரிந்திருந்தால் கலவை கட்டுப்பாடின்றி வெடித்திருக்கிறது. நடுவில் உருகித் துளை விழுந்திருந்தால் டைமிங் (பிளக்கில் தீப்பொறி விழும் நேரம்) மிக முன்னால் இருந்திருக்கலாம், அல்லது அந்த இன்ஜினுக்குப் பொருந்தாத வெப்ப அளவுள்ள பிளக் போடப்பட்டிருக்கலாம். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குக்குக் கீழே பழுப்பு நிறம் பரவியிருந்தால் எரிந்த வாயு ரிங்கைத் தாண்டி இறங்குகிறது. இது உரசல் அளவுக்கு அவசரமான செய்தி அல்ல, ரிங் வயதாகிவிட்டது என்பதே பொருள்.

சிலிண்டரை வெறும் கண்ணால் மதிப்பிட முடியாது. துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜ் கொண்டு மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களிலும், ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளிலும் அளந்து, தேய்மானத்தையும் நீள்வட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக வெஸ்பா பிஎக்ஸ் 150 இன்ஜினின் போர் 57.8 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 57 மி.மீ. என்பது தொழிற்சாலை அளவு. அதற்குமேல் ஓவர்சைஸ் பிஸ்டன்கள் 0.2 மி.மீ. படிகளில் வருகின்றன. கருவி இல்லாவிட்டால், புது ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, முனைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்கலாம். இந்த அளவுப் போரில் புதிதாகக் கோர்க்கும்போது அது பொதுவாக 0.2 முதல் 0.35 மி.மீ. இருக்கும். மேலே ஓர் அளவும் கீழே வேறோர் அளவும் வந்தால் சிலிண்டர் கூம்பாகத் தேய்ந்திருக்கிறது.

ரீபோர் மட்டும் வீட்டு வேலை அல்ல. அதை இயந்திரப் பட்டறையில் கொடுத்து, வாங்கிய பிஸ்டனையும் கூடவே கொடுங்கள். பிஸ்டனை அளந்து அதற்கேற்பப் போர் செய்வதே முறை. திரும்பி வந்ததும் துளைகளின் விளிம்புகளை விரலால் தடவிப் பாருங்கள். கூர்மையாக இருந்தால் ரிங் அதில் மாட்டி உடையும். மெல்லிய அரத்தாலோ உப்புத்தாளாலோ அந்த விளிம்புகளைச் சற்றே மழுக்க வேண்டும். பிறகு வெதுவெதுப்பான சோப்பு நீரில் பிரஷால் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை விடாதீர்கள். ஹோன் செய்தபோது (சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்த்தபோது) விழுந்த பொடி பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ முழுமையாகப் போகாது. கழுவி உலர்ந்த உடனே டூ-ஸ்ட்ரோக் ஆயிலைத் தடவாவிட்டால் சில நிமிடங்களில் துரு பூக்கும்.

கிராங்க் கேஸும் சீல்களும்

கனெக்டிங் ராடைக் கையில் பிடித்து நேர் மேலும் கீழுமாக அசைத்தால் சிறிதும் ஆட்டம் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு. மேலும் கீழும் ஆடினால் கிராங்கை அழுத்திப் பிரித்துக் கோர்த்து நேராக்கும் பட்டறைக்கு அனுப்ப வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். கேஸைத் திறந்தபின் பழைய மெயின் பேரிங்குகளையும் சீல்களையும் மீண்டும் போடுவதில் எந்த மிச்சமும் இல்லை. ஒரு துளித் தண்ணீர் விட்டால் சுரீரென்று ஆவியாகும் அளவுக்குக் கேஸைச் சீராகச் சூடாக்கி, ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்திருந்த பேரிங்கை வைத்தால் அது கிட்டத்தட்டத் தானாகவே உட்காரும். அடித்து ஏற்ற வேண்டியிருந்தால் வெளி வளையத்தில் மட்டும் தட்டுங்கள்.

சீலைப் பொருத்தும்போது, சுருள் கம்பி உள்ள உதடு கிராங்க் இருக்கும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். உதட்டில் சிறிது கிரீஸ் தடவி, ஷாஃப்டின் சாவிப்பள்ளத்தையும் மரையையும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி மூடி, அதன்மேல் வழுக்கிச் செலுத்துங்கள். சாவிப்பள்ளத்தின் விளிம்பு புதிய சீலை ஒரே தள்ளில் கிழித்துவிடும். பழைய சீல் உரசிய இடத்தில் ஷாஃப்டில் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் இருந்தால் எந்தச் சீலும் அங்கே நிற்காது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஓடும் வண்டிக்குச் சாதாரண நைட்ரைல் ரப்பரைவிட வைட்டான் வகைச் சீல் நீடித்து உழைக்கும்.

வெஸ்பா போன்ற இன்ஜின்களில் கிராங்கின் சக்கரமே கலவை நுழையும் வழியைத் திறந்து மூடுகிறது. அது உரசாமல், ஆனால் மிக நெருக்கமாக ஓடும் தளத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் கார்பரேட்டருக்குக் கலவை பின்னோக்கித் துப்பப்படும். ஆகவே கார்பரேட்டர் கழற்றியிருக்கும் நேரமெல்லாம் அந்த வாயைச் சுத்தமான துணியால் அடைத்து வையுங்கள். மேலிருந்து விழும் ஒரு சிறு வாஷர் கேஸையே பாழாக்கும்.

கியர்பாக்ஸில் பற்கள் உடையாமலும், கியர் தானாக விலகாமலும் இருந்தால் பேரிங்குகளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடலாம்.

பிஸ்டனைக் கோர்ப்பது

பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி புகைபோக்கித் துளையை நோக்க வேண்டும். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பிஸ்டன் பின்னை அடித்து ஏற்றாதீர்கள். பிஸ்டனைச் சுடுநீரில் நனைத்த துணியால் சுற்றிச் சூடாக்கினால் அந்தப் பின்னை விரலால் தள்ளினாலே நுழையும். பிஸ்டன் பின் நழுவாமல் தடுக்கும் கம்பி வளையமான சர்க்லிப்பைப் போடுமுன் கேஸ் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள், தெறித்துப் போனால் தேடுவது பெரும்பாடு. பழைய சர்க்லிப்பை ஒருபோதும் மறுபடி போடக் கூடாது. புதியது பள்ளத்தில் ‘டக்’ என்று அமர்ந்த பிறகு, சிறு ஊசியால் அதைச் சிறிது சுழற்றிப் பாருங்கள். தடையில்லாமல் பள்ளத்துக்குள்ளேயே நகர்ந்தால்தான் சரியாக அமர்ந்திருக்கிறது.

ரிங் பள்ளத்தில் ஒரு சிறிய ஊசி முனை நீட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். ரிங் சுழன்று அதன் முனை துளைக்குள் விழுந்து உடையாமலிருக்க வைத்த பூட்டு அது. ரிங்கின் இரு முனைகளும் அதன் இரு பக்கங்களிலும் சரியாக அமர்ந்திருப்பதைச் சிலிண்டரை இறக்கும் கடைசி நொடிவரை கண்ணால் பார்த்தபடியே, விரலால் ரிங்கை அமுக்கி மெதுவாக இறக்குங்கள். சிலிண்டரைத் திருகக் கூடாது. தடை தெரிந்தால் திரும்ப எடுத்துப் பாருங்கள். தட்டி இறக்குவது ரிங்கை முறிக்கும் வழி.

சிலிண்டர் தலையை மூடுமுன் பிஸ்டனின் மேல் ஓரத்தில், பிஸ்டன் பின் இருக்கும் கோட்டின் இரு முனைகளிலும் மெல்லிய ஈய வயர்த் துண்டுகளைக் கிரீஸால் ஒட்டி, தலையை இறுக்கி ஒரு முறை சுற்றி, நசுங்கிய வயரின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். சாலையில் ஓடும் ஸ்கூட்டரில் அது 1 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. தலை நட்டுகளை எதிரெதிர் மூலையாக, இரண்டு மூன்று படிகளில், டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். அளவை அந்த மாடலின் கையேட்டிலிருந்து எடுங்கள், வேறு வண்டியின் அளவு பொருந்தாது.

இப்போது நான் ஒருபோதும் தவிர்க்காத சோதனைக்கு வருகிறேன். புகைபோக்கி வாயையும் கலவை நுழையும் வாயையும் ரப்பர் தட்டு வைத்த உலோகப் பட்டையால் அடைத்து, ஒரு தட்டில் குழாய் ஒன்றைப் பொருத்தி, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் கைப்பம்பையும் டயலையும் அதில் இணையுங்கள். அந்த டயலில் 300 மி.மீ. (பாதரசம்) என்பது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 6 பவுண்டு. டூ-ஸ்ட்ரோக் கேஸைச் சோதிக்க அந்த அளவே போதும். அதற்கு மேல் ஏற்றினால் சீல்கள் பிதுங்கலாம். ஐந்து நிமிடம் முள் அசையாமல் நின்றால் இன்ஜின் காற்றுப்புகாமல் இருக்கிறது. இறங்கினால் கேஸ் இணைப்பிலும் சிலிண்டர் அடியிலும் சீல் இருக்கும் இடங்களிலும் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். கொப்புளம் எழும் இடமே அடுத்த பிஸ்டனைக் கெடுக்கக் காத்திருக்கும் இடம்.

டைமிங்கும் கார்பரேட்டரும்

டைமிங் பார்க்க முதலில் பிஸ்டனின் உச்சி நிலையைத் துல்லியமாகப் பிடிக்க வேண்டும். உச்சியில் பிஸ்டன் சில பாகை தூரத்துக்கு அசையாததுபோல நிற்பதால் கண்ணளவு ஏமாற்றும். பிளக் துளையில் ஒரு தடுப்பைத் திருகி, மேக்னெட்டில் பாகை வட்டை ஒட்டி, பிஸ்டன் தடுப்பில் முட்டும்வரை ஒரு திசையில் சுற்றிக் குறியிடுங்கள்; மறுதிசையில் சுற்றி முட்டும் இடத்திலும் குறியிடுங்கள். இரு குறிகளுக்கும் நடுவில் உள்ளது உச்சி. அங்கிருந்து கையேடு சொல்லும் பாகையைக் குறித்து, மேக்னெட்டுக்குப் பின்னால் காயில்கள் பொருத்திய ஸ்டேட்டர் தட்டை நகர்த்தி, ஓடும் இன்ஜினில் ஸ்ட்ரோப் விளக்கால் சரிபாருங்கள். மின்னணு இக்னிஷன் உள்ள பிஎக்ஸ் 150-க்கு அது உச்சிக்கு முன் 18 பாகை. மின்னணு இக்னிஷனுக்குப் பதில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயிண்ட் உள்ள பழைய வண்டியில் முதலில் பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்யுங்கள், இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும்.

கார்பரேட்டரில் பெட்ரோல் போகும் அளவை நிர்ணயிக்கும் சிறு துளையுள்ள ஜெட்டுகளைக் கம்பியால் குத்தாதீர்கள். அந்தத் துளைகள் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் அளவிடப்பட்டவை. குத்தியபின் ஜெட்டில் பொறித்த எண் பொய்யாகிவிடும். கிளீனரும் காற்றும் போதும். பெட்ரோலில் கலக்கும் ஆயில் 2 சதவீதம் என்றால் ஒரு லிட்டருக்கு 20 மி.லி.; ஜாஸோ (ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) எஃப்சி அல்லது எஃப்டி தரமுள்ள டூ-ஸ்ட்ரோக் ஆயிலாக இருக்கட்டும். கூடுதலாக ஊற்றினால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். ஜெட் வழியே போகும் திரவத்தில் ஆயிலின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறைகிறது. கலவை உண்மையில் பெட்ரோல் குறைந்ததாக ஆகிறது.

மெயின் ஜெட்டைச் சோதிக்க, நன்றாகச் சூடேறிய இன்ஜினில் புது பிளக் போட்டு, போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் முழு ஆக்சிலரேட்டரில் சிறிது தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்த அதே கணத்தில் இன்ஜினை அணைத்து நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பிக் கொட்டை நிறம் நல்லது. கரியாக ஈரமாக இருந்தால் ஜெட் பெரிது. வெள்ளையாக இருந்தால் சிறிது, அப்படியே ஓட்டுவது ஆபத்து. எப்போதும் பெரிய ஜெட்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்குங்கள். ஐடிலிங் கலவையைச் சீராக்கும் திருகை, வண்டி சூடான நிலையில், இன்ஜின் வேகம் உச்சம் தொடும் இடம் வரை திருப்பி, பிறகு ஐடில் வேகத்துக்கான திருகால் வேகத்தைக் குறையுங்கள்.

பிரேக்

இன்ஜின் எழுந்த உற்சாகத்தில் பிரேக்கை மறந்துவிடுவது வழக்கம். டூ-ஸ்ட்ரோக்கில் இவை இரண்டும் தனித்தனி வேலைகள் அல்ல. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடி, கியரில் விட்டு இறங்கினால், சக்கரம் இன்ஜினை வேகமாகச் சுற்றும். ஆனால் கலவையோடு வர வேண்டிய எண்ணெய் மிகக் குறைவாகவே வரும். அந்த நிலையில் இன்ஜினைப் பிரேக்காக நம்பக் கூடாது. உண்மையான பிரேக் இருந்தால்தான் இன்ஜினும் பிழைக்கும்.

டிரம்மைக் கழற்றியதும் அங்கிருக்கும் பொடியை வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. நீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறியுங்கள். லைனிங் 2 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தாலும், எண்ணெய் ஊறியிருந்தாலும் மாற்ற வேண்டும். எண்ணெய் ஊறிய லைனிங்கை எவ்வளவு தேய்த்தாலும் சூடேறும்போது எண்ணெய் மறுபடி கசியும். பின்சக்கரத்தில் எண்ணெய் தெரிந்தால் அது கியர்பாக்ஸின் வெளிச் சீலிலிருந்து வருகிறது. அதை மாற்றாமல் புது ஷூ போட்டால் சில நாட்களில் அதே நிலை திரும்பும். டிரம்மின் உள்விட்டம் அதில் பொறித்த எல்லையைத் தாண்டினால் டிரம்மை மாற்றுங்கள்.

ஷூக்களை விரிக்கும் கேமின் தண்டைக் கழற்றித் துருவைத் தேய்த்து, வெப்பம் தாங்கும் கிரீஸை மெல்லிய பூச்சாக மட்டும் தடவுங்கள். வெளியே வழிந்தால் லைனிங்கில்தான் சேரும். பல வண்டிகளில் பிரேக் இறுகலாக இருக்கக் காரணம் இந்தத் தண்டு. கேபிள்மீது பழி போடுவார்கள். லைனிங்கின் முன் விளிம்பைச் சற்றே சாய்வாகத் தேய்த்தால் கிறீச்சிடுவது குறையும். ஷூக்கள் பொருத்திய தட்டும் டிரம்மும் ஒரே மையத்தில் அமர, அச்சு நட்டை இறுக்கும்போது பிரேக்கைப் பிடித்தபடி இறுக்குங்கள். கேபிளில் நைந்த இழை ஒன்று தெரிந்தாலும் புதியது போடுங்கள். பிரேக் முழுதாகப் பிடிக்கும் நிலையில் கேபிளும் கேம் கையும் ஏறத்தாழ செங்கோணத்தில் நின்றால் இழுப்பின் பலம் முழுவதும் ஷூவுக்குச் சேரும்.

முன்சக்கரத்தில் டிஸ்க் உள்ள வண்டியானால் பாட் தடிமனையும் டிஸ்க்கில் பொறித்த குறைந்தபட்சத் தடிமனையும் ஒப்பிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும். மூடியில் ஆயில் வகை டாட் 4 என்றிருந்தால் அதையே, புதிதாகத் திறந்த பாட்டிலிலிருந்து ஊற்றுங்கள். டாட் 5 சிலிக்கான் வகை, அதோடு கலக்கக் கூடாது. பெயிண்டில் சிந்தினால் உடனே நீரால் கழுவுங்கள். காற்றை வெளியேற்றும்போது, லீவரைப் பிடித்தபின் திருகைத் திறந்து, திருகை மூடிய பின்னரே லீவரை விட வேண்டும். இடையில் கலத்தில் ஆயில் தீர்ந்துபோனால் முழு வேலையும் மீண்டும் முதலிலிருந்து.

முதல் ஓட்டங்கள்

முதல் முறை ஸ்டார்ட் செய்து மிதமாகச் சூடானதும் அணைத்து, முழுவதும் ஆறவிடுங்கள். குளிர்ந்த நிலையில் தலை நட்டுகளின் இறுக்கத்தை மீண்டும் பாருங்கள். முதல் 500 கிலோமீட்டர் வரை ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல், ஆக்சிலரேட்டரைத் திறந்தும் மூடியும் வேகத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். முழு ஆக்சிலரேட்டரில் மெயின் ஜெட் பார்க்கும் பிளக் சோதனையை இந்தத் தூரம் முடிந்த பின் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை சற்றுப் பெரிய ஜெட்டே இருக்கட்டும். புது லைனிங்குக்கும் இதே காலத்தில் பழக்கம் கொடுக்கலாம்: வெற்றுச் சாலையில் மிதமான வேகத்திலிருந்து பல முறை மெல்லப் பிடித்து, ஒவ்வொரு முறைக்கும் இடையில் டிரம் ஆறவிட வேண்டும். நீண்ட இறக்கம் வந்தால் கிளட்சைப் பிடித்து இன்ஜினை விடுவித்துப் பிரேக்கில் இறங்குங்கள். கியரில் இருக்க வேண்டிய இடத்தில் அவ்வப்போது ஆக்சிலரேட்டரைச் சற்றே திறந்து ஓர் இழுப்புக் கலவையை உள்ளே விடுங்கள். மூடிய பின்னும் வேகம் இறங்காமல் இன்ஜின் சீறும் அந்த ஓசை எப்போதாவது திரும்பக் கேட்டால் அங்கேயே அணைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். வந்ததும் மறுபடி அந்தக் கைப்பம்பை எடுங்கள்.